சிடுமூஞ்சிக்கு எழுதிய சந்தோஷப் பாட்டு

கேள்வி இது: "'டெஸ்பிக்கபிள் மீ 2' படத்தில் வரும் 'ஹேப்பி' பாட்டை என் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். அதைப் பாடிய ஃபாரல் வில்லியம்ஸ் ராப் உலகத்தில் பெயரெடுத்தவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் கார்ட்டூன் படத்துக்கு எப்படி வந்தார்? நான்கு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும் இந்தப் பாட்டில் உலகமே மயங்க அப்படி என்ன இருக்கிறது?"

முதல் பாதிக்கு நேரான பதில் உண்டு. இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நான் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவன். இந்தப் பாட்டைப் பத்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் விரல்களில் கேட்டுவருகிறேன். "சந்தோஷமான பாட்டு எழுதுவதில் என்ன இருக்கிறது, சோகத்துக்குத்தான் திறமை வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. என் அனுபவத்தில் அது நேர்மாறானது. அந்தச் சிரமத்துக்கு இந்தப் பாட்டை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

ஃபாரல் 1973 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில் பிறந்தவர். பள்ளி வயதில் டிரம்ஸ் வாசித்தார். இசைக்குழு முகாம் ஒன்றில் சாட் ஹ்யூகோ என்ற பையன் நண்பனானான். பின்னாளில் இருவரும் சேர்ந்து 'தி நெப்டியூன்ஸ்' என்ற பெயரில் பிறருக்கு இசை தயாரித்துக் கொடுத்தார்கள். ஜே-ஸீ, ஸ்னூப் டாக், நெல்லி, பிரிட்னி ஸ்பியர்ஸ் என்று அவர்களிடம் வந்து பாட்டு வாங்கிப் போனவர்களின் பட்டியல் நீளமானது. ஆகவே ஃபாரல் பாடகர் என்பதற்கு முன் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்பதற்கும் முன் டிரம்ஸ்காரர். இந்த வரிசை பின்னால் தேவைப்படும்.

நெப்டியூன்ஸ் பாணியின் அடையாளம் சிக்கனம். மற்ற தயாரிப்பாளர்கள் இருபது ஒலிகளை அடுக்கும் இடத்தில் இவர்கள் நான்கைந்து ஒலிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். 2002இல் 'கிளிப்ஸ்' என்ற ராப் இரட்டையருக்கு இவர்கள் செய்துகொடுத்த 'கிரைண்டின்' பாட்டில் கிட்டத்தட்ட வெறும் தாளம்தான் இருக்கிறது. அந்தத் தாளத்தை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கையாலும் பென்சிலாலும் தட்டினார்கள். வாத்தியார் வராத வகுப்பில் கடைசி பெஞ்சு மேளமாகிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேசையில் தட்டிக் காட்டக்கூடிய ஒரு தாளம் கிடைத்துவிட்டால் பாட்டில் பாதி முடிந்தது என்ற நம்பிக்கை ஃபாரலிடம் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. குழந்தைகள் படம் அவருக்கு அந்நியமான இடம் அல்ல.

சினிமாவுக்கு அவர் வந்தது 2010இல், 'டெஸ்பிக்கபிள் மீ' முதல் பாகத்தில். இல்லுமினேஷன் நிறுவனத்தின் முதல் படம் அது. பின்னணி இசையை ஹெய்டர் பெரேரா என்ற பிரேசில் கிடார் கலைஞரும் ஃபாரலும் பகிர்ந்துகொண்டார்கள்; மேற்பார்வை ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர். ஸிம்மரோடு ஏற்பட்ட பழக்கம் வளர்ந்தது. 2012 ஆஸ்கர் விழாவின் இசைப் பொறுப்பை இருவரும் சேர்ந்து ஏற்றார்கள், அந்த விழாவுக்கான இசையில் நம் ஏ.ஆர். ரஹ்மானும் பங்கேற்றார். அடுத்த ஆண்டு 'டெஸ்பிக்கபிள் மீ 2' வந்தது. பியர் கோஃபினும் கிறிஸ் ரெனோவும் இயக்கிய படம். பாட்டுகள் ஃபாரல் பொறுப்பு.

படத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டின் கரு அங்கேதான் இருக்கிறது. குரு என்பவன் வில்லன். வழுக்கைத் தலை, கூர்மூக்கு, எந்நேரமும் சிடுசிடுப்பு. முதல் பாகத்தில் மார்கோ, ஈடித், ஆக்னஸ் என்ற மூன்று அனாதைப் பெண்பிள்ளைகளைச் சுயநலத்துக்காகத் தத்தெடுத்து, கடைசியில் உண்மையாகவே அப்பாவாகிவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் லூசி என்ற பெண் உளவாளியோடு சேர்ந்து வேலை செய்கிறான். நடுவில் பக்கத்து வீட்டுக்காரி வற்புறுத்தலால் ஷானன் என்ற வேறொரு பெண்ணோடு சாப்பிடப் போய், அந்தச் சந்திப்பு படுமோசமாகி, லூசி வந்து அவனைக் காப்பாற்றுகிறாள். அன்றிரவு அவனுக்குள் ஏதோ திறந்துகொள்கிறது. மறுநாள் காலை எழுந்தவன் தெருவில் ஆடிக்கொண்டே நடக்கிறான். வழியில் பார்ப்பவர்களையெல்லாம் அந்த ஆட்டத்தில் இழுத்துக்கொள்கிறான்.

அந்த ஒரு நடைக்குத்தான் பாட்டு வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஃபாரல் ஒன்பது பாட்டுகள் எழுதிக்கொடுத்தார், ஒன்பதும் திரும்பி வந்தன என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாஃப்ட் பங்க் குழுவின் 'கெட் லக்கி', ராபின் திக்கின் 'பிளர்ட் லைன்ஸ்' ஆகிய இரண்டிலும் அவர் குரல் இருக்கிறது. 2013 கோடையில் உலகம் முழுவதும் ஒலித்த இரண்டு பெரும் பாட்டுகள் அவை. நாற்பது வயது, இருபது ஆண்டு அனுபவம். அப்படிப்பட்டவர் ஒரு கார்ட்டூன் காட்சிக்காக ஒன்பது முறை "இது இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு பத்தாவது முறை உட்கார்ந்திருக்கிறார். கைவசம் இருந்த உத்திகள் எல்லாம் தீர்ந்து சூனியத்துக்கு வந்த பிறகு, அவர் தன்னையே மிகச் சாதாரணமான ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாராம்: எதுவும் தன்னைக் கீழே இறக்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும் ஒரு மனிதனைப் பற்றி எப்படிப் பாட்டு எழுதுவது? அந்தக் கேள்வியே பதிலாகிவிட்டது.

ஒன்பது பாட்டு தள்ளப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. சினிமாக் காட்சிக்குப் பாட்டு எழுதுபவருக்கு உள்ள சிக்கல் அது. தனி ஆல்பத்தில் பாட்டு தன் கால்களில் நிற்கலாம். படத்தில் அது இன்னொருவரின் கால்களுக்கு நடை கொடுக்க வேண்டும். குரு நாள்தோறும் சிரிக்கும் ஆள் என்றால் எந்தத் துள்ளலான பாட்டும் போதும். வாழ்நாள் முழுக்கச் சிரிக்காத ஒருவன் முதல்முறையாகச் சிரிக்கும்போது அதற்கு ஏற்ற பாட்டில் அந்தச் சிரிக்காத காலமும் கேட்க வேண்டும். இனிப்பு மட்டும் இருந்தால் அது அவன் பாட்டு ஆகாது.

இங்கேதான் பாட்டின் உள்ளே போக வேண்டியிருக்கிறது. கீபோர்டு வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஹேப்பி'யின் ஆதார சுருதி எஃப். எஃபை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துக்கொண்டால், அச்சிட்ட இசைத்தாளில் பாட்டு மைனர் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. மேற்கத்திய இசையில் மைனர் என்றால் பொதுவாகத் துயரத்தின் நிறம். சந்தோஷப் பாட்டு ஏன் துயரத்தின் அளவுகோலில் நிற்கிறது? மெட்டு நடமாடும் காந்தாரம், அதாவது 'க', பெரும்பாலும் சாதாரண காந்தாரம், கரகரப்ரியா ராகத்தில் வருமே அது. ஆனால் கீழே கீபோர்டு பிடிக்கும் ஸட்ஜக் கார்டில், அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டில், இருப்பதோ அந்தர காந்தாரம், சங்கராபரணத்தின் காந்தாரம். குரல் ஒரு காந்தாரத்தில், வாத்தியம் அடுத்த காந்தாரத்தில். நம் சங்கீதத்தில் இப்படி இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த மாட்டோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உரசலில்தான் வாழ்கிறது.

என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டாள். இடது கையில் கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டை வாசிக்கும்போது அந்த இடம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள். கறுப்புக் கட்டையையும் அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். "சார், இது தப்புச் சுரம் மாதிரி இருக்கிறது. ஆனால் தப்பாகக் கேட்கவில்லையே" என்றாள். வெள்ளைக் கட்டையிலேயே மெட்டை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். வாசித்தாள். பாட்டு சுத்தமாக இருந்தது, ஆனால் பள்ளிக்கூட பிரார்த்தனைப் பாட்டு போலச் சப்பிட்டுப்போனது. அவளே முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி கறுப்புக் கட்டைக்குப் போனாள். ஒன்பது பாட்டு எழுதித் தள்ளிவிட்டுப் பத்தாவதில் ஃபாரல் கண்டுபிடித்ததை அந்த அரை நிமிடத்தில் அவள் விரல் கண்டுபிடித்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பல்லவிக்கு வந்தால் இன்னொரு நுட்பம். அங்கே அடிநாதம் சுத்த தைவதத்தில் ('த') தொடங்கி, பஞ்சமத்துக்கு ('ப') இறங்கி, அங்கேயே சற்று நின்று, பிறகு ஸட்ஜத்துக்கு வருகிறது. முதல் இரண்டு கார்டுகளும் மங்கலானவை, மாலை வெளிச்சம் மாதிரி. மூன்றாவது கார்டு அந்தர காந்தாரத்தோடு, மேஜராக, விளக்கு போட்டது போல முடிகிறது. நான்கு தாளச் சுற்றுக்கு ஒருமுறை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற பயணம் இது. "திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள்" என்று கேள்வியில் இருக்கிறது. திரும்புவது அந்தப் பயணம். ஒவ்வொரு சுற்றிலும் இறங்கி ஏறுவதால்தான் இருபதாவது முறையும் அலுக்காமல் கேட்கிறது. வெளிச்சத்திலேயே நின்றுகொண்டிருந்தால் மூன்றாவது முறையே கை அணைப்பானைத் தேடும்.

தாளம் நிமிடத்துக்குச் சுமார் 160 தட்டு. வேகமானதுதான், ஆனால் உடம்பு அதை எண்பதாகப் பாதியாக்கிக்கொண்டு நடக்கிறது. அதனால்தான் துள்ளவும் முடிகிறது, நிதானமாக நடக்கவும் முடிகிறது. குருவின் நடைக்கு இது கச்சிதம். பாட்டுக்கு முன்னிசை என்று ஏறக்குறைய எதுவும் இல்லை, ஒரு தட்டு, உடனே குரல். டிரம்ஸ், பேஸ், எலக்ட்ரிக் பியானோ, கைத்தட்டு, குரல்கள், அவ்வளவுதான். வயலின் கூட்டம் இல்லை. நடுவில் யாரும் தனி வாத்தியம் வாசித்துக் காட்டவில்லை. தேவாலயப் பாட்டும் புளூஸும் கலந்த பழைய சோல் இசையின் வாசனை இருக்கிறது. ஃபாரலின் மெல்லிய உச்சக் குரலைக் கேட்டால் எழுபதுகளின் சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டு நினைவுக்கு வராமல் போக மாட்டார். ஆனால் எதைச் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஹிப்-ஹாப் தயாரிப்பாளருடையது. சோல் பாடகர் ஒருவர் இதைச் செய்திருந்தால் பித்தளை வாத்தியக் குழுவைக் கூப்பிட்டிருப்பார். ஃபாரல் கூப்பிடவில்லை.

கைத்தட்டும் குழுக்குரலும் தேவாலயத்திலிருந்து வருகின்றன. வர்ஜீனியாவில் அவருடைய உறவினர் ஒருவர் பிஷப்பாக இருக்கிறார். அவரோடு சேர்ந்து நற்செய்திப் பாடல் குழு ஒன்றை உருவாக்கும் தொடர்கூட 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கறுப்பினத் தேவாலயங்களில் கைத்தட்டுதான் முதல் வாத்தியம். நம் பஜனையில் ஒருவர் முன்பாட்டு பாட, கூட்டம் பின்பாட்டு பாடும். 'ஹேப்பி'யின் பல்லவியில் அது தலைகீழ். கூட்டம்தான் முதலில் தான் சந்தோஷமாக இருப்பதைச் சொல்கிறது. தனிக்குரல் அதற்குப் பின்னால் வந்து, உங்களுக்கும் அப்படி இருந்தால் கை தட்டுங்கள் என்று அழைக்கிறது. பாடுபவர் தன் சந்தோஷத்தைப் பறைசாற்றவில்லை, கேட்பவரின் கையைக் கேட்கிறார். கோயிலானாலும் மாதா கோவிலானாலும், இப்படி அழைத்தால் கை தானாக எழுந்துவிடும்.

வரிகளைப் பற்றி ஒன்று மட்டும். கூரையில்லாத அறை என்று ஒரு உவமை வருகிறது. அது அர்த்தமற்ற எதுகை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. நான்கு சுவர் இருக்கிறது, அடைப்பும் இருக்கிறது, ஆனால் மேலே வானம். குரு மாறிவிடவில்லை, அதே வழுக்கை, அதே மூக்கு, அதே சாம்பல் நிறக் கோட்டு. மேல்மூடி மட்டும் போய்விட்டது. காட்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பாட்டை முதலில் வேறொருவர் குரலில் உலகம் கேட்டிருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அட்லாண்டாவின் சீலோ கிரீன் முழுப்பாட்டையும் பாடிப் பதிவு செய்தார். 'குடி மாப்' என்ற ராப் குழுவில் தொடங்கி, 'நார்ல்ஸ் பார்க்லி' இரட்டையரில் ஒருவராக 2006இல் 'கிரேஸி' பாடி உலகப் புகழ் பெற்றவர். ஹிப்-ஹாப்பும் சோலும் ஒரே தொண்டையில் குடியிருக்கும் அபூர்வக் குரல். அவருடைய பதிவு தன்னுடையதைவிடச் சிறப்பாக இருந்தது என்கிற அளவுக்கு ஃபாரல் பின்னால் ஒரு வானொலிப் பேட்டியில் பாராட்டினார். சீலோவுக்கும் பாட்டு பிடித்திருந்தது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் அப்போது வரவிருந்த அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்கு முதலிடம் கொடுக்க விரும்பியதால் பாட்டு ஃபாரலிடமே நின்றுவிட்டது. சீலோ அதே படத்தின் இசைத் தொகுப்பில் 'ஸ்க்ரீம்' என்ற பாட்டைப் பாடியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு 'ஹேப்பி'யை அவர் குரலில் கற்பனை செய்துபார்த்திருக்கிறேன். அவருடைய குரல் கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் போதகரின் குரல், கூரையைப் பெயர்க்கும் வலிமை அதற்கு உண்டு. ஃபாரலின் குரல் கூட்டத்துக்கு நடுவில் நிற்பது. தெருவில் நடந்துபோகிற எவரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய குரல். சீலோ மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தக் காட்சிக்கு நடுவில் நிற்கும் குரல்தான் பொருத்தம் என்பது என் முடிவு.

இசைத் தொகுப்பு 2013 ஜூனில் வந்தது, படம் ஜூலையில். படம் பெரும் வெற்றி. 7 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் எடுத்து உலகம் முழுவதும் சுமார் 97 கோடி டாலர் வசூலித்தது. பாட்டோ சும்மா கிடந்தது. வானொலிகள் எடுத்துப் போடவில்லை. குழந்தைகள் படத்துப் பாட்டு என்ற முத்திரை அப்படிப்பட்டது. திரையரங்கில் கேட்டுத் தலையாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நிலைமை மாறியது நவம்பர் 21 அன்று. அன்றைக்குப் பாட்டு தனி வெளியீடாக வந்தது; கூடவே ஓர் இணையதளமும். உலகின் முதல் இருபத்துநான்கு மணி நேர இசைக் காணொளி என்று அதை அறிவித்தார்கள். 'வீ ஆர் ஃப்ரம் எல்.ஏ.' என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சு இயக்குநர் இரட்டையரின் வேலை. நான்கு நிமிடப் பாட்டை 360 முறை அடுக்கினால் ஒரு நாள் முழுதும் நிரம்பும். ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் லாஸ் ஏஞ்சலீஸ் தெருக்களில் ஆடிக்கொண்டு வருகிறார். மணிக்கு ஒருமுறை ஃபாரலே வருகிறார், ஆக இருபத்துநான்கு முறை. தளத்தின் நடுவில் கடிகாரம் போல ஒரு வட்டம்; அதைச் சுழற்றி எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். மேஜிக் ஜான்சன், ஜேமி ஃபாக்ஸ், குருவுக்குக் குரல் கொடுத்த ஸ்டீவ் கரெல் போன்ற பிரபலங்கள் இடையிடையே வருகிறார்கள். படத்தில் குருவின் குட்டி வேலையாட்களான மினியன்களும் வருகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் பெயர் தெரியாதவர்கள்.

அந்த நாட்களில் ஒரு பின்னிரவில் நான் அதைத் தொடர்ந்து பார்த்தேன். ஒருவருக்கு ஒரே ஷாட். நடுவில் வெட்டு கிடையாது. கேமரா பின்னோக்கி நகர, ஆடுபவர் முன்னோக்கி வருகிறார். நான்கு நிமிடம் தனியாக ஆடுவது எவ்வளவு நீளம் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். முதல் நிமிடத்தில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்து காட்டுகிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் கைவசமிருந்த அசைவுகள் தீர்ந்துபோகின்றன. சிலர் கேமராவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிக்கிறார்கள், சிலர் கொஞ்ச தூரம் வெறுமனே நடக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மனிதருக்கே உரிய ஏதோ ஒன்று வெளியே வருகிறது. தோளின் ஒரு சிறு குலுக்கல், விரலைச் சொடுக்கும் விதம், கண்ணை மூடிக்கொள்வது. பயிற்சி பெற்ற நடனக்காரர்களைவிட, ஆடத் தெரியாமல் ஆடியவர்களின் மூன்றாவது நிமிடம்தான் என் மனதில் நிற்கிறது. ஃபாரல் ஒன்பது பாட்டு எழுதித் தீர்ந்துபோன பிறகு பத்தாவது வந்ததும் இந்த மூன்றாவது நிமிடமும் ஒன்றுதான் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

இது விளம்பர உத்தி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டின் அமைப்புக்கு உள்ளேயிருந்து எடுத்த உத்தி. படத்தில் குரு தெருவில் போகிறவர்களை இழுத்துக்கொண்டு ஆடுகிறான் அல்லவா? காணொளி அதையே ஒரு நகரத்துக்குச் செய்தது. பிறகு உலகம் அதைத் தனக்குத் தானே செய்துகொண்டது. ஊர் ஊராக மக்கள் தங்கள் தெருவில், தங்கள் பாலத்தில், தங்கள் மார்க்கெட்டில் ஆடிக் காணொளி எடுத்துப் போட்டார்கள். 2014 மார்ச் 20 அன்று சர்வதேச மகிழ்ச்சி தினத்துக்காக ஐக்கிய நாடுகள் சபையும் இந்த இயக்கத்தோடு கைகோத்தது.

எண்கள் வேண்டுமென்றால்: 2014 மார்ச் தொடங்கி அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் பத்து வாரம் முதலிடம், அந்த ஆண்டின் மொத்தப் பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் இறங்கி ஏறி இறங்கி ஏறி மூன்று தனித்தனி முறை முதலிடம். 2015 கிராமி விழாவில் நேரலைப் பதிவுக்கு ஒரு விருது, காணொளிக்கு ஒரு விருது.

ஆஸ்கர் மட்டும் கிடைக்கவில்லை. அதைக் கொஞ்சம் பேச வேண்டும். 2014 மார்ச் 2 அன்று நடந்த விழாவில் 'ஹேப்பி'யும் 'ஃப்ரோஸன்' படத்தின் 'லெட் இட் கோ'வும் ஒரே பிரிவில் மோதின. இரண்டும் அனிமேஷன் படப் பாட்டுகள். ஃபாரல் மேடையில் பாடி, கீழே இறங்கி வந்து மெரில் ஸ்ட்ரீப், லுபிடா நியோங்கோ, ஏமி ஆடம்ஸ் ஆகியோரை இருக்கையிலிருந்து ஆட வைத்தார். விருது 'லெட் இட் கோ'வுக்குப் போனது. அநியாயம் என்று பலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. 'லெட் இட் கோ'வைப் படத்தின் பாத்திரமே பாடுகிறது; அந்தப் பாட்டு உருவான பிறகு எல்சாவின் பாத்திரத்தையே மாற்றி எழுதினார்கள். கதையின் முதுகெலும்பு அது. 'ஹேப்பி'யை குரு பாடவில்லை. அது அவனுக்கு வெளியே, பின்னணியில் ஒலிக்கிறது. அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், அந்தக் காலை மட்டும் இருண்டுபோகும். திரைக்கதைக்குச் செய்த வேலையை எடைபோட்டால் நடுவர்கள் செய்தது சரி. ஆனால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளாத அதே குணத்தால்தான் 'ஹேப்பி' படத்தை விட்டு வெளியே நடந்து, யாருடைய தெருவுக்கும் போக முடிந்தது. எல்சாவின் பாட்டைப் பாடும் சிறுமி எல்சாவாகிறாள். 'ஹேப்பி'க்கு ஆடுகிறவர் குருவாக வேண்டியதில்லை, அவர் அவராகவே இருக்கலாம்.

அப்படி அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று டெஹ்ரான். 2014இல் ஈரானில் சில இளைஞர்களும் இளம்பெண்களும் மொட்டை மாடியிலும் சந்துகளிலும் இந்தப் பாட்டுக்கு ஆடிக் காணொளி வெளியிட்டார்கள். பெண்கள் தலை முக்காடு இல்லாமல், ஆண்களோடு சேர்ந்து ஆடினார்கள். மே மாதம் அவர்களைக் கைது செய்து தொலைக்காட்சியில் காட்டி வருத்தம் தெரிவிக்க வைத்தார்கள். அப்போதைய அதிபர் ஹசன் ரூஹானியின் ட்விட்டர் கணக்கில், மகிழ்ச்சி மக்களின் உரிமை என்ற கருத்தில் ஒரு பதிவு வந்தது. செப்டம்பரில் தீர்ப்பு: சிறைத் தண்டனையும் 91 கசையடியும். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்றாலும், கத்தி தலைக்கு மேல் தொங்கவிடப்பட்டது. அந்தக் காணொளியை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்ததெல்லாம் சிரித்து, குதித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கேமராவுக்கு முகத்தைக் கோணியது மட்டும்தான். ஒரு கார்ட்டூன் வில்லனுக்காக எழுதிய நான்கு நிமிடம் அங்கே என்ன விலைக்குப் போனது என்பதை நினைத்தால், இதை இனிப்பு மிட்டாய் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதே வசந்த காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் ஃபாரலுக்கு ஒரு தொகுப்பைப் போட்டுக் காட்டினார்கள். உலகின் வெவ்வேறு ஊர்களில் மக்கள் ஆடிய துணுக்குகள். பார்த்துக்கொண்டே இருந்தவர் பேச முடியாமல் அழுதுவிட்டார்.

உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை பாட்டைப் போடும்போது, பாதி தாண்டியதும் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு இடத்தில் பியானோ நின்றுவிடும், பேஸும் நின்றுவிடும். கைத்தட்டும் குரல்களும் மட்டும் மிஞ்சும். எதுவும் தங்களைக் கீழே இறக்க முடியாது என்று ஒரு கூட்டம் திரும்பத் திரும்பச் சொல்லும், தனிக்குரல் அதன் மேல் ஏறிப் போகும். வாத்தியம் வாங்கக் காசில்லாத தேவாலயத்திலும், வாத்தியார் வராத வகுப்பிலும் அப்படியே வாசிக்கக்கூடிய பகுதி அது. என் வகுப்புச் சிறுமி அந்த இடம் வந்ததும் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, தட்ட ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.